இடம் வலம் ஓடாத பந்து

பயந்தால் சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ரேடியோ என்று பேர் வாங்கியவனுக்கு நேர்மாறு; பயம் கூடக் கூட வாயும் கூடும். அந்தப் புதன்கிழமை காலை, தரைக்குக் கீழே இருந்த வீடியோ கேம் கடைக்குப் பதினான்கு படிகள் இறங்கும்போது அவன் படிக்கு ஒரு வாக்கியம் பேசினான்.

“இறங்கிப் போற இடம் எதுவுமே எனக்கு ஆகாது அக்கா. கிணறு, சுரங்கம், பல் டாக்டர் நாற்காலி.”

“நாற்காலியில ஏறித்தான் உட்காரணும்,” என்றாள் தராசு.

“உட்கார்ந்த அப்புறம் சாய்ச்சு இறக்குவாங்களே. அங்கதான் ஆரம்பிக்கும்.”

தராசு அடுத்த படியில் கால் வைத்தாள். எடை அளவுத் துறையில் இருபத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவள் அவள். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டிய தராசு, வயிற்றுக்குள் ஓட்டை போட்ட படிக்கல் என்று கடைகடையாக ஏறி இறங்கிப் பிடித்தவள். ஓய்வு பெற்றுத் துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் அந்தப் பட்டப்பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஆறு வருஷமாக அவளுக்கு உதவியாளன் ரேடியோ. அவன் சம்பளத்தில் பாதி பேசாமல் இருப்பதற்கு என்று அவள் சொல்வாள். அந்தப் பாதிக்கு அவன் ஒருநாளும் உழைத்ததில்லை.

மூன்றாவதாக, ஒரு கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெக்கானிக்கின் தங்கை வந்தாள். முந்தைய இரவு அவள் தூங்கவில்லை என்பதை முகம் சொன்னது. விளையாட்டு மெஷின்களைப் பழுது பார்ப்பது அவளும் அண்ணனும் சேர்ந்து நடத்தும் தொழில். அண்ணன் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தான். ஒரு மெஷினில் பந்து சரியாக உருளவில்லை, சுத்தம் செய்ய வேண்டும் என்று போன வாரமே முதலாளி போனில் கூப்பிட்டிருந்தார். மதியம் ஒரு மணிக்கு அண்ணனின் போனிலிருந்து தங்கைக்கு ஒரு செய்தி: ‘வேலை முடிந்தது. வெளியூர் போகிறேன். இரண்டு நாளில் வருவேன்.’ அதற்குப் பிறகு போன் எடுக்கப்படவில்லை. காவல் நிலையத்தில், வளர்ந்த ஆள்தானே, இரண்டு நாள் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

“அவன் டைப் அடிக்கவே மாட்டான் மேடம்,” என்று தங்கை காலையில் தராசின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லியிருந்தாள். “விரல் பூரா எப்பவும் கிரீஸ். பேசித்தான் அனுப்புவான். பத்து வருஷத்துல எனக்கு அவன் எழுதி அனுப்பின முதல் செய்தி இது.”

அந்த ஒரு வரிக்காகத்தான் தராசு செருப்பை மாட்டினாள்.

படிகளின் முடிவில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ‘மராமத்து வேலை. கடை விடுமுறை’ என்று அட்டை தொங்கியது. தராசு ஷட்டரைக் கையால் தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு கை ஷட்டரைத் தூக்கியது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள். இஸ்திரி போட்ட சட்டை. சிரித்த முகம்.

“நான்தான் முதலாளி. சொல்லுங்க.”

தங்கை அவரை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இந்தக் கடை வேலைக்கெல்லாம் அண்ணன்தான் வருவான். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் கவலை வந்தது. வர வேண்டிய அளவுக்குத்தான் வந்தது.

“அடடா. நேத்து வேலையை முடிச்சுக் கொடுத்துட்டு ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிட்டாரேம்மா. நானே பந்தை உருட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடுது.”

“அந்த மெஷினை ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?” என்றாள் தராசு. “பார்த்துட்டோம்னா, போலீஸுக்குப் போற வேலை மிச்சம்.”

அவர் அவளையும் ஷட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் நகர்ந்து வழி விட்டார்.

உள்ளே ஒரே ஒரு குழல் விளக்கு எரிந்தது. இருபது மெஷின்கள் கண் மூடிய மாதிரி கறுப்புத் திரைகளோடு இரண்டு வரிசையாக நின்றன. சத்தமும் வெளிச்சமுமாகப் பார்த்துப் பழகிய இடம் சத்தமில்லாமல் இருந்தால் எவ்வளவு பெரியதாகிவிடுகிறது என்று ரேடியோவுக்குத் தோன்றியது. மூன்று பேர் உள்ளே வந்ததும் முதலாளி ஷட்டரைப் பழையபடி பாதிக்கு இறக்கினார்.

“காத்து வரட்டுமே சார்,” என்றான் ரேடியோ.

“தூசி வரும் தம்பி.”

கடைசி மெஷின், பின்கதவை ஒட்டி இருந்தது. அதன் பலகையில் ஆரஞ்சுப் பழ அளவுக்குச் சிவப்புப் பந்து ஒன்று பாதி மேலே தெரிந்தது. ட்ராக்பால். அதை உள்ளங்கையால் உருட்டினால் திரையில் ஆள் ஓடுவான். ரேடியோ முன்னும் பின்னும் உருட்டினான். பந்து விட்ட பிறகும் தானாகச் சுற்றியது. இடம் வலமாக உருட்டினான். பந்து அரை வட்டம் போய், யாரோ அடியில் பிடித்துக்கொண்ட மாதிரி நின்றது.

“வெண்ணெய்தான். ஃப்ரிட்ஜ்ல வெச்ச வெண்ணெய்,” என்றான்.

தங்கை தானும் ஒரு தடவை உருட்டிப் பார்த்தாள். “இப்படி ஒரு வேலையை அண்ணன் கொடுத்துட்டுப் போக மாட்டான்.”

பலகையைத் திறக்கச் சாவி வேண்டியிருந்தது. முதலாளி கொத்தை எடுத்தார். முதல் சாவி நுழையவில்லை. இரண்டாவது நுழைந்தது, திரும்பவில்லை. ஐந்தாவது சாவியில் பூட்டு திறந்தது. அதற்குள் அவர் போன் அதிர்ந்தது. “நீங்க பாருங்க,” என்று சொல்லிவிட்டு முன்பக்கம் இருந்த கவுண்டருக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார்.

தங்கை பலகையைத் தூக்கி நிறுத்தினாள். அடியில் ஒயரைக் கழற்றி, ஆறு ஸ்க்ரூக்களையும் எடுத்து, கறுப்புப் பெட்டியின் மூடியைப் பிரித்தாள். கைகள் ஒரு ஸ்க்ரூவையும் தவறவிடவில்லை. பந்தை எடுத்து ரேடியோவிடம் கொடுத்தாள். அவன் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

“பந்து இந்த மூணு ரோலர் மேல உட்கார்ந்திருக்கும்,” என்று மெதுவாகச் சொன்னாள். “இது மேலே கீழே. இது இடம் வலம். மூணாவது சும்மா தாங்கறதுக்கு. ஒவ்வொரு ரோலருக்கும் ரெண்டு முனையிலயும் பேரிங். கை அழுக்கு ரோலர்ல பட்டையா ஒட்டிக்கும், பேரிங்ல இறங்கும். அப்பதான் பந்து மந்தமாகும்.”

தராசு குனிந்தாள். மேலே கீழே ரோலர் பளிச்சென்று இருந்தது. முனையில் ஒரு சொட்டு எண்ணெய் மின்னியது. இடம் வலம் ரோலரில் அழுக்கு அப்படியே பட்டையாக இருந்தது. அதன் ஒரு முனையில் பேரிங்கே இல்லை. வெறும் கம்பி பிளாஸ்டிக்கில் உரசிக்கொண்டு நின்றது.

“பாதியில நிறுத்தியிருக்கான்,” என்றாள் தங்கை. “மூடினது அவன் இல்ல.”

“அந்த பேரிங் எங்க இருக்கும்?”

“அழுக்கைக் கரைக்கற தின்னர்ல ஊறப் போட்டிருப்பான். அழுக்கு இறுகியிருந்தா இருபது நிமிஷம் ஊறணும். ஒரு சின்ன தகர டப்பா வெச்சிருக்கான். தின்னர் வாடை ஆகாதுன்னு எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கற இடமாப் பார்த்து வைப்பான்.”

“அப்ப நேத்து அவருக்குக் கையில இருபது நிமிஷம் இருந்திருக்கு,” என்றாள் தராசு. “அதுக்குள்ள என்னமோ ஆயிருக்கு.”

அவள் விரல் நகத்தால் ரோலரில் இருந்த அழுக்கைச் சுரண்டினாள். கறுப்பு இல்லை, சாம்பல் நிறம். கட்டை விரலில் வைத்துத் தேய்த்தாள். எச்சில் தொட்டு மறுபடி தேய்த்தாள்.

“இது கை அழுக்கு இல்லையே.”

தங்கையும் தொட்டுப் பார்த்தாள். “சிமெண்ட் மாதிரி இருக்கு. போன மாசம்தான் சுத்தம் பண்ணினான். அதுக்குள்ள எப்படி மந்தமாச்சுன்னு நானும் யோசிச்சேன்.”

ரேடியோவின் வாய் தயாரானது. “புரிஞ்சிடுச்சு அக்கா. பக்கத்துக் கடை நகைக் கடையா இருக்கும். இவர் சுவரை உடைக்கிறார். மெஷின் சத்தத்துல உடைக்கிற சத்தம் கேட்காது. நாம இப்ப வணக்கம் சொல்லிட்டுப் படியேறினா...”

“பக்கத்துல சலவைக் கடை. வரும்போது நீராவி அடிச்சதே. உடைச்சா மணல் விழும், காரை விழும், செங்கல் பொடி சிவப்பா விழும்.” அவள் விரலை விளக்குக்குக் காட்டினாள். “இது சலிச்ச மாவு மாதிரி இருக்கு. மூட்டையைப் பிரிச்சுக் கொட்டும்போது பறக்கறது. உடைக்கல ரேடியோ. கட்டியிருக்காங்க.”

அவன் கையில் இருந்த பந்து திடீரென்று வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“உனக்கு அவசரமா பாத்ரூம் போகணும்,” என்றாள் தராசு.

“இது வரைக்கும் இல்ல.”

“இப்ப வந்திடுச்சு. பின்கதவு வழியா. டப்பாவைப் பாரு. தொடாம வா.”

அவன் கவுண்டரைப் பார்த்துச் சுண்டு விரலைக் காட்டினான். போனில் இருந்த முதலாளி முகம் சுளித்து, பிறகு தலையசைத்தார்.

பின்கதவுக்கு அந்தப் பக்கம் நீளமான, குறுகலான நடை. ஒரு கோடியில் கழிவறை. மறு கோடியில் மேலே போகும் படிகளும், உள்பக்கம் தாழ் போட்ட ஒரு இரும்புக் கதவும். பாதி வழியில் எக்ஸாஸ்ட் ஃபேன் மந்தமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ரேடியோ சுவரோடு சுவராக நடந்தான். பேசத் துணை இல்லாததால் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டான்.

ஃபேனுக்குக் கீழே, சுவர் விளிம்பில், ஒரு சின்னத் தகர டப்பா. எட்டிப் பார்த்தான். அடியில் கொஞ்சம் தின்னர் மிச்சம் இருந்தது. அதற்குள் மோதிரம் மாதிரி ஒரு பேரிங்.

இருபது நிமிஷம் ஊற வேண்டியது இருபத்து நாலு மணி நேரமாக ஊறிக்கொண்டிருந்தது.

அவன் முணுமுணுப்பு நின்றது. டப்பாவுக்கு ஒரு அடி தள்ளி, பழைய சுண்ணாம்புச் சுவரின் நடுவில், ஒரு ஜன்னல் அளவுக்குப் புதுச் செங்கல். சாந்து இன்னும் பூசப்படவில்லை. ஜன்னலின் பழைய மரச் சட்டம் மட்டும் சுற்றிலும் தெரிந்தது. தரையில் சாம்பல் பொடி. அது பின்கதவின் இடுக்கு வரைக்கும் மெல்லிய படலமாகப் பரவிக் கிடந்தது.

திரும்பிப் போய்விடலாம். பார்க்கச் சொன்னதைப் பார்த்தாயிற்று. ஆனால் கால் நகரவில்லை. அவன் காதைச் செங்கல் மேல் வைத்தான். குளிர்ச்சியாக இருந்தது. சுட்டு விரலை மடக்கி, இரண்டு தட்டுத் தட்டினான். ஏன் தட்டினான் என்று பிறகு கேட்டபோது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது.

ரேடியோ செங்கல்லில் இருந்து காதை எடுத்தான். அவன் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும்.

திரும்பி வந்தபோது முதலாளி இன்னும் போனில் இருந்தார். ரேடியோ பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தராசின் பக்கத்தில் உட்கார்ந்தான். உதடு அசையாமல் பேசினான்.

“டப்பா இருக்கு. பேரிங்கும் இருக்கு. பக்கத்துல ஜன்னலை அடைச்சுப் புதுச் சுவர். அக்கா, அதுக்குள்ள ஆள் இருக்கு. தட்டினேன். திருப்பித் தட்டினாங்க.”

தங்கை எழுந்துவிட்டாள். தராசு அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“உயிரோட இருக்கார்மா. அதைப் பிடிச்சுக்கோ. இப்ப அழாதே.” பிறகு ரேடியோ பக்கம் திரும்பினாள். “அந்த இரும்புக் கதவு?”

“உள்பக்கம் தாழ். மேலே தெரு.”

“நாங்க ரெண்டு பேரும் பாத்ரூம் போறோம். சலவைக் கடையில ஆள் இருக்கும். கூட்டிட்டு வந்து அந்தச் சுவரைப் பிரிக்கணும், போலீஸுக்கும் சொல்லணும். கால் மணி நேரம் எனக்கு வேணும். நீ இவரை எழுந்திருக்க விடாதே.”

“எப்படி?”

“பேசு.”

“அக்கா, இவ்வளவு நாள் நிறுத்து நிறுத்துன்னு சொல்லிட்டு...”

“இன்னிக்கு நிறுத்தாதே.”

அவர்கள் போனார்கள். தங்கை சிரமப்பட்டு மெதுவாக நடந்தாள். பின்கதவு சாத்திக்கொண்டது. முதலாளி போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

“அவங்க எங்க?”

“பாத்ரூம் சார். ரெண்டு பேருமா. பொம்பளைங்க தனியாப் போனதா சரித்திரமே இல்ல. உட்காருங்க சார், அந்தப் பொண்ணு வந்ததும் மாட்டிடுவா, நாங்களும் கிளம்பிடுவோம்.”

கிளம்பிவிடுவோம் என்ற வார்த்தை வேலை செய்தது. அவர் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். ரேடியோ எதிரே போய்க் கவுண்டரில் முழங்கையை ஊன்றினான். பேச ஆரம்பித்தான். சின்ன வயதில் ஒரு மெஷினில் விளையாடி ஜெயித்தது, ஜெயித்ததை யாரும் நம்பாதது, தன் அத்தை கணவர் ஒரு பந்துக்குள் கை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வரை மெஷினோடு போனது. எல்லாம் பொய். அவனுக்கு அத்தையே கிடையாது.

பேசப் பேசக் கண் அலைந்தது. முதலாளியின் விரல்களைப் பார்த்தான். நுனிகள் வெளுத்து, பிளந்து, வறண்டிருந்தன. கையுறை இல்லாமல் சிமெண்ட் குழைத்த கை. இஸ்திரி போட்ட சட்டைக்கு அந்தக் கை பொருந்தவில்லை. ரேடியோ கண்ணை அவசரமாக மேலே தூக்கினான்.

அது அதைவிட மோசமான இடத்தில் போய் நின்றது.

முதலாளியின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு ஆணி. ஆணிக்குக் கீழே, மங்கிய சுவரில், செவ்வகமாக ஒரு பளிச்சென்ற இடம். எந்தக் கடைக்குள் போனாலும் தராசு முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்; ஆறு வருஷமாகக் கூடப் போய் ரேடியோவுக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது. கவுண்டருக்குப் பின்னால் உரிமம் தொங்க வேண்டும். கண்ணாடி போட்டு, கடைக்காரரின் போட்டோவோடு.

யாரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள். போட்டோவில் இருந்த முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் கழற்றியிருக்க வேண்டும். ஐந்து சாவியைப் போட்டுப் பார்த்துத் திறந்த ஆள். உருளாத பந்தை வெண்ணெய் என்று சொன்ன ஆள்.

இவர் முதலாளி இல்லை.

“அப்புறம்?” என்றார் அவர்.

“சார்?”

“உங்க அத்தை வீட்டுக்காரர். ஆஸ்பத்திரிக்குப் போனார். அப்புறம்?”

ரேடியோ வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. எதிரே இருந்தவர் அவன் கண் போன இடத்தைப் பார்த்து, மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் இருந்து சத்தம் வந்தது. இரும்பு செங்கல் மேல் படும் சத்தம். ஒன்று. இரண்டு.

அவர் எழுந்தார். தங்கையின் கருவிப் பையில் இருந்து முழங்கை நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டார். பின்கதவுக்கு ஓடுவார் என்று ரேடியோ நினைத்தான். அவர் அங்கே போகவில்லை. இரண்டாவது வரிசையில் சுவரோடு ஒட்டி நின்ற ஒரு கார் ஓட்டும் மெஷினைப் பிடித்து இழுத்தார். அதன் சக்கரங்கள் தரையில் ஏற்கெனவே இருந்த கீறல்களிலேயே வழுக்கிக்கொண்டு வந்தன. பின்னால் ஒரு மரக் கதவு இருந்தது. அதில் பூட்டு.

அடைத்த ஜன்னல் எந்த அறைக்கு உரியது என்று அப்போதுதான் ரேடியோவுக்கு விளங்கியது. சுவர் உடையும் முன்னால் இந்தப் பக்கமாக உள்ளே போகப் பார்க்கிறார்.

ஷட்டர் பாதி திறந்திருந்தது. குனிந்தால் படிகள், ஏறினால் தெரு. ரேடியோவின் கால்கள் அந்தப் பக்கம் இரண்டு அடி போகவும் செய்தன. பிறகு என்ன ஆயிற்றோ, அவன் மெஷினுக்கும் கதவுக்கும் நடுவில் புகுந்து, கதவுக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“எழுந்திரு தம்பி.”

தலையை மட்டும் ஆட்டினான். முடியாது.

“உனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. எழுந்து படியேறிப் போயிடு.”

ஸ்க்ரூ டிரைவரின் முனை அவன் தாடைக்குக் கீழே வந்து நின்றது. உலோகத்தில் எண்ணெய் வாடை. ரேடியோ முழங்காலைக் கட்டிக்கொண்டான். அப்போது அவன் முதுகுக்குப் பின்னால், கதவின் அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு கரகரத்த குரல் கேட்டது.

“யாருங்க அது?”

“உங்க தங்கச்சி வந்திருக்காங்க,” என்றான் ரேடியோ. தன் குரல் என்றே தெரியவில்லை. “கதவைத் தட்டுங்க. விடாம தட்டுங்க.”

கதவு அவன் முதுகில் இடித்தது. ஒரு ஆள் அல்ல, இரண்டு ஆள் தட்டும் தட்டு. இரண்டு உயரத்தில், இரண்டு வேகத்தில். மேலே தெருவில் போகிறவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் பிடித்திருந்தவர் ஒரு முறை ஷட்டரைப் பார்த்தார், ஒரு முறை கதவைப் பார்த்தார். ரேடியோவின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். காலர் கிழிந்து கையோடு வந்தது. அவர் மறுபடி கை வைப்பதற்குள் பின்கதவு படீரென்று திறந்தது.

சலவைக் கடை ஆட்கள் மூன்று பேர், முண்டா பனியனோடும் கையில் இஸ்திரிப் பலகையின் இரும்புக் காலோடும். அவர்களுக்கு முன்னால் தராசு.

“கீழ போடுங்க,” என்றாள். “மேலே போலீஸ் வண்டி வந்தாச்சு.”

வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. அவர் கீழே போட்டார்.

சலவைக் கடைக்காரர்கள் அவரை மெஷின் மேல் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, தராசு சாவிக்கொத்தை வாங்கி, பார்த்த மாத்திரத்தில் ஒரு சாவியைத் தேர்ந்தெடுத்துப் பூட்டைத் திறந்தாள். கதவு திறந்ததும் அடைபட்ட காற்று வெளியே வந்தது. முதலில் மெக்கானிக் வந்தான். நெற்றியில் உலர்ந்த ரத்தம். உள்ளே, செங்கல்லில் பாதி பிரித்த ஓட்டை வழியாகத் தங்கையின் கை தெரிந்தது. அவள் பின்கதவு வழியாகச் சுற்றி ஓடி வந்து, அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“டப்பாவை வைக்கப் போனேன். சுவருக்குள்ள தட்டற சத்தம் கேட்டது,” என்றான் அவன். “முதலாளி வெளியூர் போயிருக்கார்னு சொன்ன இந்த ஆள்கிட்ட வந்து சொன்னேன். வாங்க திறந்து பார்க்கலாம்னு கூட்டிட்டு வந்து தலையில அடிச்சுத் தள்ளிட்டான்.”

“சுவருக்குள்ள தட்டினது நீங்க இல்லையா?” என்று கேட்டான் ரேடியோ.

மெக்கானிக் திரும்பி, இருட்டுக்குள் கையை நீட்டினான். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் வெளியே வந்தார். மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் உடைந்திருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார்.

“இவர்தான் முதலாளி,” என்றான் மெக்கானிக்.

கிழவர் மெஷினோடு பிடிபட்டு நின்றவரைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

“என் அக்கா பையன்,” என்றார். “ஞாயிற்றுக்கிழமையில இருந்து இதுக்குள்ள வெச்சிருந்தான். நாளைக்குப் பத்திர ஆபீஸ்ல கடையை எழுதிக் கொடுத்துட்டா விட்டுடறேன்னான்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “போன வாரம் ஜன்னலை அடைச்சான். அடைச்சா திருட்டு பயம் இல்ல மாமான்னு சொன்னான். என் கண்ணு முன்னாலதான் கட்டினான். தனியாக் கஷ்டப்படறானேன்னு நானே ஒவ்வொரு செங்கலா எடுத்துக் கொடுத்தேன்.”

பிடிபட்டவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தத் தம்பி வந்திருக்காட்டி நேத்து ராத்திரியே என் நெஞ்சு நின்னிருக்கும்,” என்று கிழவர் மெக்கானிக்கின் கையை விடாமல் சொன்னார். “இருட்டுல மூச்சு முட்டும்போதெல்லாம் பேசிட்டே இருந்தான். ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் என்ன இருக்கும், எது கெட்டா எப்படிச் சரி பண்றதுன்னு. ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும். முடிஞ்சதும் மறுபடி ஒண்ணுல இருந்து.”

தராசு அவரை மெல்ல நடத்தி, காற்று வரும்படி ஷட்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒரு சலவைக் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவர ஓடினார். தூரத்தில் போலீஸ் வண்டியின் ஒலி இப்போது உண்மையாகவே கேட்டது.

“வேற என்ன வேணும் ஐயா?” என்றாள் தராசு.

அவர் பாதி இறங்கி நின்ற ஷட்டரைப் பார்த்தார்.

“அதை மட்டும் சாத்தாதீங்கம்மா.”

கிழிந்த காலரோடு ரேடியோ போய், ஷட்டரைத் தலைக்கு மேல் முழுசாகத் தூக்கினான். அதன் கொக்கி தேய்ந்துபோயிருந்தது, நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் ஆட்கள் படியிறங்கி வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போகும் வரைக்கும், அவன் இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே நின்றான்.